செண்பகம் இறக்கிய விமானம்

பல்லாவரத்தில் ரிட்டயர்டு விமானி வரதன், பழைய ஜெட் விமானங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டியபடி வீட்டையே அதட்டிக்கொண்டிருந்தார். அங்கே சமைக்கும் செண்பகம், மகள் பிரசவத்துக்கு லீவு கேட்டாள்.

"முதல்ல இந்த விமானத்தைப் பத்திரமா இறக்கு. அப்புறம் போ!" என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

திரையில் தரை நெருங்கியது. செண்பகம் எதையும் தொடவில்லை. "உள்ளே ஆளுங்க இருக்காங்களாய்யா?"

"நூறு பேர்!"

"ஐயோ! கேப்டன் ஐயா, நீங்க இருக்கறப்போ நான் தொடலாமா? ஓடி வாங்க!"

வரதன் பாய்ந்து உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க இறக்கினார்.

"பத்திரமா இறங்கிடுச்சு. கிளம்பட்டுமாய்யா?"

"இறக்கினது நானாச்சே!"

"சரியான ஆளைக் கூப்பிட்டது நானாச்சே!"

வரதன் வாய்விட்டுச் சிரித்தார். "என்னை நம்பி ஒருத்தர் கேப்டன்னு கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு! ரொம்ப நன்றிம்மா" என்று தானே காரை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிய செண்பகத்துக்குக் கண் கலங்கியது. "நல்லா இருங்கய்யா" என்று மனசாரக் கும்பிட்டாள்.