எதிர்ப்பாட்டுக்கு வராத பழ ஈ

பலாத்தோப்பில் விழுந்து வெடித்த பழத்தின்மேல் பழ ஈக்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம். விடிந்ததும் இரண்டிரண்டாக எதிரெதிரே உட்கார்ந்து சிறகால் குலப்பாட்டைப் பாடும். எந்தப் பழம் தின்னலாம், மழைக்கு எங்கே ஒதுங்கலாம், பல்லி வந்தால் எப்படித் தப்பலாம், எல்லாம் அந்தப் பாட்டில்தான் இருந்தது. ஒன்று ஓர் அடியை விட்டால், எதிரே இருப்பது எடுத்துக் கொடுக்கும்.

செங்கண்ணன் என்ற ஈயின் பாட்டில் மட்டும் ஓர் அடி கூடுதல். "ஆண்சிங்கம் நான்!" அடேயப்பா, அதற்கு அவனுக்கு இருந்த மிடுக்கு!

"இனி எதிர்ப்பாட்டுக்கு வரமாட்டேன்! என் அடியைத் திருடிவிடுவீர்கள். இது என் ஆண் வாரிசுக்கு மட்டும்!" என்றான்.

அவன் மனைவி சுளைமணி பதறினாள். "ஐயோ, பிள்ளைகள் உயிராயிற்றே! விட்ட அடியை யார் எடுத்துக் கொடுப்பார்?"

"விட்டால்தானே! போடி!"

விட்டான். பல்லி அடியை அவனே விழுங்கிவிட்டான். மகன் அந்த அரைகுறைப் பாட்டைக் கற்றான்; தன் பங்குக்கு மழை அடியையும் விட்டான். எதிரே ஆள் இருந்தால்தானே தெரியும்? முதல் கோடைமழையில் ஒதுங்கத் தெரியாமல் செத்தான். அவன் பிள்ளை மற்ற அடிகளையும் விட்டான்; மிஞ்சியது ஒரே அடி.

அந்த ஒற்றைப் பேரனை இழுத்துக்கொண்டு செங்கண்ணன் சுளைமணியிடம் ஓடினான். "இவனையாவது காப்பாற்று! பாட்டைத் திருத்திக் கொடு!"

"எதிரே உட்காரடா, கண்ணு. பாடு" என்றாள் அவள்.

"ஆண்சிங்கம் நான்! ஆண்சிங்கம் நான்!"

"மற்றதெல்லாம்?"

"மற்றது என்றால் என்ன, பாட்டி?"

சுளைமணி அழுதேவிட்டாள். "என் பாட்டில் இந்த அடி இல்லை. இவனிடம் வேறு அடி இல்லை. இரண்டிலும் பொதுவாக ஓர் அடி இருந்தால்தானே அதைத் தொட்டு விட்டதை எடுத்துக் கொடுக்கலாம்? நான் எங்கே பிடித்து எதைத் திருத்துவேன்?"

அப்போது மரத்திலிருந்து பல்லி இறங்கியது. எதிர்ப்பாட்டு ஈக்கள் சட்டென்று பறந்தன. "வாடா!" என்று சுளைமணி கத்திக்கொண்டே எழும்பினாள். அவள் பதறுவதைக் கண்டு செங்கண்ணனும் அலறிப் பறந்தான். பேரனுக்கோ பல்லி யாரென்றே தெரியாது. அதன் முகத்துக்கு நேராகப் போய் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஆண்சிங்கம் நான்!"

பல்லி நாக்கை நீட்டியது, மடக்கியது. அவ்வளவுதான், செங்கண்ணன் வம்சம் முடிந்தது.

தன்னுடையது கலந்துவிடுமென்று பயந்து ஒதுங்குபவனுக்குப் பிழையைத் திருத்த ஆளிருக்காது. உள்ளதும் ஒவ்வொன்றாய்ப் போய்விடும்.