படுக்க விடாத காவல்காரன்

மலையடிவாரக் குளத்தில் புள்ளிமான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது செந்நாய்கள் பாய்ந்தன.

கொன்றை என்ற பெண்மான் தன் குட்டியோடு மூங்கில் புதருக்குள் புகுந்துகொண்டாள். அவள் தங்கையால் தப்ப முடியவில்லை. தங்கையின் அலறல் ஓயும்வரை கொன்றை புதருக்குள்ளேயே நின்றாள்.

“இன்னும் இரண்டு நாய்கள் இந்தப் பக்கம் வருகின்றன! மேற்கே ஓடு!”

சொன்னவன் கூர்வாயன். நொண்டிக்கால் கிழநரி. கொன்றை மேற்கே ஓடினாள். அவன் சொன்னது உண்மைதான். சற்று நேரத்தில் இரண்டு செந்நாய்கள் அந்தப் புதரை முகர்ந்துவிட்டுப் போயின.

“நரியண்ணா, நீ இல்லாவிட்டால் நாங்கள் இன்று செத்திருப்போம்!” என்றாள் கொன்றை.

“கவலைப்படாதே தங்கச்சி! இனி நானே உனக்குக் காவல்” என்றான் கூர்வாயன்.

அவன் நொண்டி. ஓடும் மானைப் பிடிக்க அவனால் முடியாது. ஆனால் ஓயாமல் ஓடுகிற மான் எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கொன்றை அவசர அவசரமாகப் புல்லை மேய்ந்தாள். நாவல் மரத்தடியில் கால் மடக்கிப் படுத்து அசைபோடத் தொடங்கினாள்.

“செந்நாய்!” என்று கத்தினான் நரி.

எழுந்து ஓடினாள். திரும்பி வந்து படுத்தாள். மறுபடியும் “செந்நாய்!” மறுபடியும் ஓட்டம். அன்று முழுக்க இப்படியே போனது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நரி கத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சருகு விழுந்தாலே கொன்றை துள்ளி எழுந்தாள்.

அவள் வாய் உலர்ந்துபோயிற்று. தின்ற புல் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. படுத்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“அம்மா, பால் வரவில்லை” என்றது குட்டி.

“முட்டிக் குடி, வரும்” என்றாள் கொன்றை. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, மடியருகிலேயே சுருண்டு படுத்தது.

நாவல் மரத்து உச்சியில் கருமுகி என்ற மந்தி இருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்தாள்.

“ஏ கொன்றை! நானும் மூன்று நாளாய் உச்சிக்கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். செந்நாய்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவன் பொய் சொல்கிறான்!”

“உன் கண் தவறலாம் அக்கா. அவன் மூக்கு தவறாது. அன்றைக்கு நான் பிழைத்தது அவனால்தான்.”

“அன்றைக்குச் சரி! இன்றைக்கு உன் உடம்பைப் பார்! நமக்குள்ளே இரண்டு வகை நரம்புகள் இருக்கின்றன. ஒன்று ‘ஓடு’ என்று விரட்டும். இன்னொன்று ‘ஆபத்து போய்விட்டது, படு’ என்று தணிக்கும். நெஞ்சின் படபடப்பை அடக்குவது அதுதான். எச்சில் ஊறுவதும் இரை செரிப்பதும் அதனால்தான். உடம்பு தணியாவிட்டால் மடியில் பால் எப்படி இறங்கும்? அந்தத் தணிக்கும் நரம்பைப் பேசவே நீ விடவில்லையே!”

கொன்றை குட்டியைப் பார்த்தாள். அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

“சரி அக்கா. கொஞ்சம் படுக்கிறேன்.”

படுத்தாள். மூச்சு மெல்ல இறங்கியது. வாயில் ஈரம் கசிந்தது.

“செந்நாய்! ஏழு! எட்டு! குளத்துப் பக்கம்!” என்று கத்தினான் நரி.

“போகாதே! ஒன்றுமே இல்லை!” என்று உச்சிக்கிளைக்குத் தாவி ஏறிப் பார்த்து அலறினாள் மந்தி.

ஆனால் கொன்றையின் கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன. பாறை வரை ஓடியபிறகுதான் பின்னால் குட்டி வரவில்லை என்று தெரிந்தது. அதற்கு எழுந்திருக்கவே தெம்பு இல்லை.

திரும்பிப் பார்த்தாள். குளத்தருகே செந்நாய் ஒன்றுகூட இல்லை. நாவல் மரத்தடியில் கூர்வாயன் மட்டும் குனிந்திருந்தான்.

கொன்றை பாய்ந்து வந்து அவனை உதைத்தாள். அவன் விலா முறிந்தது. வாயில் கவ்வியிருந்த குட்டியைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஊர்ந்தான்.

குட்டியின் கழுத்து துவண்டு தொங்கியது. கொன்றை நக்கினாள். மூக்கால் தள்ளினாள். “எழுந்திரு! அவன் போய்விட்டான், எழுந்திரு!” என்றாள். அது எழவில்லை.

மந்தி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இனி ஓடிக் காப்பாற்ற யாருமில்லை. கொன்றை அங்கேயே படுத்துவிட்டாள். வெயில் தாழும்வரை அசையவில்லை. நெஞ்சின் படபடப்பு தானாகவே அடங்கிற்று. வயிற்றிலிருந்து புல் உருண்டு வாய்க்கு வந்தது. அவள் கேட்காமலே உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலை அவள் மடி கனத்து, பால் சொட்டுச் சொட்டாய்த் தரையில் விழுந்தது. குடிக்கத்தான் வாய் இல்லை.

ஆபத்து வரும்போது ஓட வைக்கிற பயம் உயிரைக் காக்கும். ஆபத்து போன பிறகும் உடம்பை ஓய விடாத பயம், காத்த உயிரையே தின்றுவிடும்.