கடைசி இடம்

"ஜெயிக்க வேண்டாம்னு சொல்றாங்க, மாஸ்டர்."

ரசாலம் மாஸ்டர் நிமிரவில்லை. நாகர்கோவில் நகராட்சி மைதானத்தின் சிமென்ட் தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, கூடைப்பந்து ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா?"

"டீமை நடத்துறவர்."

"நல்லதுதானே. ஜெயிக்கதுதான் கஷ்டம்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். வழி முழுக்க ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தும் தூக்கம் வரவில்லை.

"இரி மக்களே," என்றார் மாஸ்டர். "அங்க இல்ல. அங்க ஈரம் காயல."

அவள் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மதுரைப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். சம்பளத்துக்கு ஆடும் பெண்களின் லீக் அது, எட்டு அணிகள். மதுரை ஏழாவது இடத்தில் கிடந்தது.

அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் பெண்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் நாளில், கடைசி இடத்து அணிதான் முதலில் கை நீட்டும். பலவீனமான அணி தேறி வரட்டும் என்று வைத்த விதி.

"அடுத்த வருஷம் தர்மபுரியில இருந்து ஒரு பொண்ணு வர்றா, மாஸ்டர். பூங்கோதைன்னு பேரு. பதினெட்டு வயசு, ஆறடி நாலங்குலம். நின்ன இடத்துலயே ஒரு எக்கு எக்கினா வளையத்தைப் பிடிச்சிடறா."

"பாத்தியா?"

"ரெண்டு தடவை போய்ப் பாத்தேன்."

"எப்படி?"

"இருபது வருஷத்துக்கு ஒருத்திதான் அப்படி வருவா."

மாஸ்டர் தூரிகையை டப்பாவில் முக்கினார்.

"அவளை எடுக்கணும்னா நீங்க கடைசியில இருக்கணும்."

"ஆமா."

"தோத்துரச் சொன்னாரா?"

"அப்படிச் சொல்லலை. 'அவசரப்பட்டு ஜெயிக்க வேண்டாம் மேடம்'னார். 'நல்லா ஆடுறவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்க'ன்னார்."

"மரியாதையான மனுஷன்."

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மாஸ்டர். இப்ப கஷ்டப்பட்டு ஜெயிச்சா என்ன? ஏழாவது ஆறாவது ஆகும். அதுக்கு யாரும் கைதட்டப் போறதில்லை. அந்தப் பொண்ணு வந்துட்டா ரெண்டு வருஷத்துல கோப்பை. கோப்பை வந்தா இந்தப் பிள்ளைகளுக்கு ரயில்வேயிலயோ போலீஸ்லயோ வேலை. எல்லாருக்கும் நல்லதுதான்."

"பிறகு எதுக்கு நாகர்கோவில் வரை வந்த?"

மாஸ்டர் ஒரு முழ நீளத்துக்குக் கோட்டை இழுத்து முடித்தார். பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நகரும்போது மூட்டில் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை ஒரு ஆட்டத்தைத் தோத்துட்டேன்," என்றாள் ஜெசிந்தா.

"சொல்லு."

"நாலு நிமிஷம் பாக்கி. ஆறு பாயிண்ட் முன்னால இருக்கோம். கேப்டனை வெளியே கூப்பிட்டுட்டேன். செண்பகவல்லின்னு பேரு, கோவில்பட்டிப் பொண்ணு. முப்பத்திமூணு வயசாகுது. முட்டியில ரெண்டு ஆப்பரேஷன். இந்த சீசனோட அவளுக்கு ஆட்டம் முடிஞ்சுது. அவளுக்கே தெரியும்."

"பிறகு?"

"ஒரு பாயிண்ட்ல தோத்தோம். அவ பெஞ்சுல துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பஸ் ஏறும்போது பக்கத்துல வந்தா. 'நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா மேடம்'னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"முட்டியைப் பாத்துக்கோன்னு சொன்னேன்."

மாஸ்டர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார்.

"மக்களே, நீ எங்க கிளப்புக்கு எப்படி வந்த?"

"நீங்கதான எடுத்தீங்க?"

"ஆறு கிளப் இருந்துச்சு. ஆறு பேருக்கும் நீ வேணும். எனக்கு எப்படிக் கிடைச்ச?"

"உங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு வந்துச்சு. அப்பவும் இதே மாதிரிதானே. அந்த வருஷம் நீங்க கடைசி..."

அவள் நிறுத்தினாள்.

மைதானத்துக்கு வெளியே ஒரு மீன் வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தெருமுனை தாண்டிப் போயிற்று.

"எத்தனை ஆட்டம்?" என்று கேட்டாள்.

"நாலு. கடைசி நாலு. நல்லா ஆடினவளை உக்கார வச்சேன். உன்னை முந்தின வருஷம் காலேஜ் மேட்ச்ல பாத்திருந்தேன். பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே."

"எதுக்குச் சொல்லணும்? நீ வந்த. மூணு வருஷம் வரிசையா கோப்பை எடுத்தோம். ஏழு பிள்ளைகளுக்கு வேலை கிடைச்சுது. உனக்கும்தான்."

ஜெசிந்தா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளால்தான் அந்த அணி எழுந்தது என்று இருபத்துநாலு வருஷமாக நினைத்திருந்தாள். தன் அணிப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்: தோற்றுப்போய்க் கிடந்த ஒரு டீமுக்கு நான் போனேன் என்று.

"உக்கார வச்சது யாரை?"

"லீலாபாய்."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"கேள்விப்பட்டிருக்க மாட்ட. நீ வந்த வருஷம் அவ வரல்ல."

"நல்லா ஆடுவாங்களா?"

"உன்னளவு இல்ல." மாஸ்டர் மூச்சை இழுத்துவிட்டார். "ஆனா அந்த வருஷம் இந்த மாவட்டத்துல அவளுக்கு மேல ஆளு கிடையாது."

"உங்ககிட்ட எதுவும் கேக்கலையா?"

"கேட்டா. ஜூன் மாசம், மழை பேஞ்சிட்டு இருந்துச்சு. குடையை மடக்காம நின்னுக்கிட்டே கேட்டா. 'மாஸ்டர், நான் நல்லாத்தான ஆடினேன்?'"

"நீங்க?"

"உனக்கு வயசாயிட்டு பிள்ளன்னு சொன்னேன்."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

ஜெசிந்தா கண்களை மூடிக்கொண்டாள்.

"அவ நம்பிட்டா," என்றார் மாஸ்டர். "நான் சொன்னா எதையும் நம்புவா. தக்கலையில கட்டிக் குடுத்தாங்க. பத்துப் பன்னிரண்டு தடவை போய்ச் சொல்லிரலாம்னு பஸ் ஏறியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் முந்தின ஸ்டாப்புல இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்."

"இப்பவாவது போகலாமே. நானும் வர்றேன்."

"சித்திரையில போனேன். அடக்கத்துக்கு."

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ மவ காப்பி கொண்டு வந்து தந்தா. அம்மைக்கு நான் கூடைப்பந்து சொல்லிக் குடுத்த மாஸ்டருன்னு சொன்னேன். அதுக்கு அந்தப் பிள்ள சொல்லுச்சு, 'ஆமா, அம்மா சொல்லுவாங்க. ஆசைக்கு ஆடினாங்களாம், ஆனா அவ்வளவு நல்லா வரலையாம்'னு."

மாஸ்டர் மறுபடி தூரிகையை எடுத்தார். முனை காய்ந்து விறைத்திருந்தது. டப்பாவில் மெல்ல அழுத்தி இளக்கினார்.

"நீங்க பண்ணது தப்பா, மாஸ்டர்?"

"எப்படிச் சொல்லுவேன்? நீ முன்னால இரிக்கியே."

வெயில் ஏறிவிட்டது. வளையத்தின் நிழல் சிறுத்துக் கம்பத்தின் அடிக்கு வந்திருந்தது.

"அவங்க சொன்னபடி கேக்கலைன்னா என்னை மாத்திடுவாங்க," என்றாள் ஜெசிந்தா. "வேற ஒருத்தர் வந்து இதையே செய்வார்."

"செய்வான்."

"பூங்கோதை வேற டீமுக்குப் போயிடுவா. அவளுக்கு எதிரா நாங்க பத்து வருஷம் தோத்துக்கிட்டே இருப்போம்."

"இருக்கலாம்."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

மாஸ்டர் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். இடுப்பு நிமிர நேரமாயிற்று.

"உன் கேப்டன் இப்ப எங்க?"

"திருநெல்வேலியில, லாட்ஜ்ல. நாளைக்குச் சாயங்காலம் அங்க ஆட்டம்."

"பதினொண்ணே காலுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரு பஸ் உண்டு," என்றார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கக் கோட்டை நோக்கி நடந்தார்.

*

லாட்ஜில் செண்பகவல்லி கட்டிலில் காலை நீட்டி, முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது. ஜெசிந்தா வந்ததும் எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காதே."

"பரவாயில்ல மேடம்."

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். நாற்காலி இருந்தது. உட்காரவில்லை.

"சனிக்கிழமை உன்னை வெளியே எடுத்தேன்ல, அது உன் முட்டிக்காக இல்லை. நீ தப்பாவும் ஆடலை. நாம தோக்கணும்னுதான் எடுத்தேன்."

செண்பகவல்லி அவளையே பார்த்தாள்.

"அந்த தர்மபுரிப் பொண்ணுக்காகவா?"

"ஆமா."

"மத்த பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"இல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். சாயங்காலம் அவங்ககிட்டயும் சொல்லிடறேன்."

செண்பகவல்லி போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் சனிக்கிழமை ஆட்டம் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. அவளே பந்தோடு ஆடுகளத்தின் பாதியில் நின்றாள்.

"மூணு நாளா இதையே பாத்துக்கிட்டு இருக்கேன் மேடம். திரும்பத் திரும்ப. எங்க தப்புப் பண்ணேன்னு கண்டுபிடிக்க முடியல. கடைசியில ஒரு பாஸ் கொஞ்சம் மெதுவா குடுத்திருக்கேன். அதுதான் போலன்னு முடிவுக்கே வந்துட்டேன்."

"அந்த பாஸ் சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியும். இப்பத் தெரியுது."

போனை அணைத்தாள். ஐஸ் பையிலிருந்து நீர் வடிந்து படுக்கை விரிப்பை நனைத்தது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.

"நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நீயா கை காட்டுற வரைக்கும் உன்னை வெளியே எடுக்க மாட்டேன்."

செண்பகவல்லி தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. தலையணையைச் சரிசெய்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க மேடம். எனக்குத் தூக்கம் வருது."

*

சொன்னபடியே ஜெசிந்தா அன்று சாயங்காலம் மற்றப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். மறுநாள் எதிரே நின்றது முதலிடத்து அணி.

மதுரைப் பெண்கள் முதல் பாதியில் பதினொரு பாயிண்ட் பின்தங்கினார்கள். மூன்றாம் கால் பகுதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடைவெளியை மூன்றாகக் குறைத்தார்கள். செண்பகவல்லி ஒருமுறை கை காட்டி வெளியே வந்தாள். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். முட்டிப் பட்டையை இறுக்கினாள். ஜெசிந்தாவைக் கேட்காமலே எழுந்து நின்றாள். ஜெசிந்தா அவளுக்குப் பதில் ஆடியவளை வெளியே வரச்சொல்லிச் சைகை காட்டினாள்.

கடைசி நிமிடத்தில் சமநிலைக்கு வந்தார்கள்.

பிறகு எதிரணியின் ஒரு பெண், பக்கக் கோட்டுக்கு அருகே காவல் இல்லாமல் நின்றவள், தூரத்திலிருந்து போட்ட பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. அவ்வளவுதான். மூன்று பாயிண்ட்.

உடைமாற்றும் அறையில் ஒரே இரைச்சல். அவளைப் பிடிக்க வேண்டியது யார் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். நீ கத்திச் சொல்லவே இல்லை என்றாள் ஒருத்தி. சொன்னேன், உன் காது எங்கே போச்சு என்றாள் மற்றவள். இன்னொருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். நடுவில் செண்பகவல்லி தண்ணீர் பாட்டில்களை வரிசையாகத் தரையில் வைத்து, நீ இங்கே, அவள் இங்கே என்று நகர்த்திக் காட்டினாள்.

சனிக்கிழமை இதே நேரத்தில் யாருமே பேசவில்லை என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது. அணியை நடத்துபவர். வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"பாத்தேன் மேடம், பாத்தேன். கடைசி வரைக்கும் கொண்டுபோய்... ரொம்ப நாசூக்காப் பண்ணிட்டீங்க. யாருக்குமே சந்தேகம் வராது."

உள்ளே பெண்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார்," என்றாள் ஜெசிந்தா. "தோத்துட்டோம்."