ஏகாதசியன்று நின்ற சக்கரம்

திருமருதூர் ராஜா முத்துவிஜய பூபதிக்கு, யார் எதைச் சொன்னாலும் முதல் ஆளாக நம்பிவிடும் தங்கமான குணம். அதை மோப்பம் பிடித்துக்கொண்டு அகோரநாதன் என்பவன் ஒரு யந்திரத்தோடு வந்து சேர்ந்தான். வீடு மாதிரி ஒரு மரப்பெட்டி. அதன் மேல் குடங்கள் கட்டிய சக்கரம். நந்தவனக் கிணற்றடியில் திரை கட்டி, மூன்று நாள் உள்ளேயே கிடந்து அதைப் பூட்டினான். சக்கரம் சுற்றியது, தண்ணீர் கொட்டியது.

“மாடு வேண்டாம், ஆள் வேண்டாம் மகாராஜா. கொட்டுகிற தண்ணீரே சக்கரத்தைச் சுற்றும். சுற்றுகிற சக்கரமே தண்ணீரை இறைக்கும்.”

பெட்டியை வேறு யார் திறந்தாலும் கண் போய்விடுமாம். தினமும் காலையில் நாற்பது இட்லியோடு அவன் மட்டும் உள்ளே போவான். காலிப் பாத்திரத்தோடு வருவான். யந்திரம் தின்னுமா என்று ராஜா கேட்டார். அது வெறும் நைவேத்தியம், தீனி இல்லாமலும் ஓடும் என்று அவன் மார்தட்டினான்.

ராஜா குளிர்ந்துபோனார். அகோரநாதனுக்கு இரண்டு கிராமம் எழுதச் சொன்னார். அதுவரை தோல் சால் இழுத்து அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்த மாசானத்தின் மாடுகளைச் சந்தையில் விற்கச் சொன்னார். மாசானம் அழுதுகொண்டே அரசவை விகடர் குப்பாண்டியாரிடம் ஓடினான்.

“பருத்திக்கொட்டை வச்சாத்தான் சாமி மாடு இழுக்கும். ஒருவேளை தவறுனா படுத்துக்கும். ஒண்ணுமே தின்னாம ஒரு சக்கரம் எப்படி சாமி இழுக்கும்?”

குப்பாண்டியாருக்குப் பொறி தட்டியது. நேரே சபைக்குப் போனார். உள்ளே போகாத பலம் வெளியே வராது, இது சுத்த மோசடி என்றார். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியைத் திறக்காமல் நாளைக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டுக்குப் பதில் குப்பாண்டியாரே சால் இழுக்க வேண்டும் என்றார்.

“பெட்டியைத் தொடவே மாட்டேன் மகாராஜா. நாளைக்கு ஏகாதசி, அதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.”

அந்த அரண்மனையில் ஏகாதசி என்றால் ராஜா முதல் சமையற்காரர் வரை எல்லோரும் பட்டினி. மதிலுக்குள் நாற்பது இட்லி நுழைந்தால் ராஜாவின் விரதம் என்னாவது? நைவேத்தியம் நிறுத்தப்பட்டது. அகோரநாதன் தலையை மட்டும் ஆட்டினான். தீனி வேண்டாம் என்று வாயை ஏற்கெனவே நிறையத் திறந்திருந்தான்.

மறுநாள் காலையில் சக்கரம் ஜோராகச் சுற்றியது. வெயில் ஏறியதும் முனகியது. உச்சிப்பொழுதில் தள்ளாடியது. பிறகு நின்றேவிட்டது. அச்சுக்கு எண்ணெய் போதவில்லை என்று அகோரநாதன் குழறினான்.

குப்பாண்டியார் பெட்டியருகே போய் நின்றுகொண்டு, நாளைய துவாதசிச் சமையலை ராஜாவுக்கு உரக்க ஒப்பித்தார். அகத்திக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்ப் பச்சடி, வறுத்த சுண்டைக்காய், சுடச்சுடச் சோறு, அதன்மேல் உருக்கின நெய்...

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஐயா, அது நாளைக்கு. இப்ப ரெண்டு பேருக்கு மோர் கிடைக்குமா?”

இரண்டு பயில்வான்கள் தவழ்ந்து வெளியே வந்தார்கள். ராஜா பட்டினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடுகள் ஒரு மூட்டை பருத்திக்கொட்டையோடு மாசானத்திடமே திரும்பின. குப்பாண்டியாருக்கு முத்துமாலை கிடைத்தது.

“இவனை என்ன செய்யலாம்?” என்று அகோரநாதனைக் காட்டி ராஜா கேட்டார்.

குப்பாண்டியார் பெட்டியின் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

“உள்ளே விடுங்கள் மகாராஜா. தீனி இல்லாமலும் ஓடும் என்று இவர்தானே சொன்னார்.”