அக்கரையில் விட்ட குட்டிகள்

ஆசிரமத்துக் காட்டில் நாற்பத்துமூன்று மான்கள் இருந்தன. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் பொன் நிறம். மாலையில் அவை குளத்துக்கு இறங்குவதைப் பார்க்கவே ஊர் ஊராக ஜனம் வரும். சும்மா சொல்லக்கூடாது, கண்கொள்ளாக் காட்சிதான்.

அந்த அழகு தானாக வந்ததில்லை. சீடர் கொளஞ்சி பண்ணிய வேலை அது. ஐம்பது தாண்டிய மனுஷன். தன்னைவிடப் பத்து வயது இளைய குருவிடம் வந்து சேர்ந்தவர். வருஷத்துக்கு ஒன்றிரண்டு குட்டி கறுப்பாகப் பிறக்கும். பால் மறந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய், ஆற்றுக்கு அக்கரையில், சிறுத்தை திரியும் மலையடியில் விட்டுவிட்டு வருவார். தாய் மான் இரண்டு நாள் கரையில் நின்று கத்தும்.

"கூட்டம் பாக்க லட்சணமா இருக்கணும்ல?" என்பார். என்ன நெஞ்சோ!

பங்குனியில் கீழூர் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. அங்கிருந்து மான்களுக்கும் தொற்றியது. வாயெல்லாம் புண், ஓயாத கழிச்சல். கொளஞ்சி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், செத்ததைப் புதைக்கக் குழி வெட்டினார். பதினைந்தாம் நாள் கடைசி மானும் அவர் மடியிலேயே போய்ச் சேர்ந்தது.

"வாயில்லா ஜீவன் சாமி. இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்று விம்மி விம்மி அழுதார்.

"எழுந்திருங்க. ஆத்தைத் தாண்டிப் போயிட்டு வருவோம்," என்றார் குரு.

அக்கரையில், புதரோரம் மூன்று கறுப்பு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கொளஞ்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நோய் இந்தப் பக்கம் வரலையா சாமி?"

"வந்துச்சு. வாயைப் பாருங்க."

மூன்றுக்கும் உதட்டோரம் புண் ஆறிய தழும்பு இருந்தது.

"பொழச்சிருக்கே! நிறத்துக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?"

"கறுப்பைக் குடுத்த ரத்தம் நோயைத் தாங்குற தெம்பையும் சேத்துக் குடுத்திருக்கு. நீங்க தோலைப் பாத்தீங்க. நோய் அதையா பாக்கும்?"

கொளஞ்சி கையை நீட்டி ஓர் எட்டு வைத்தார். மூன்றும் மிரண்டு மலையேறி ஓடிவிட்டன.

"ஒம்பது வருஷத்துல பதினேழு குட்டி கொண்டாந்து விட்டேன் சாமி. மத்ததெல்லாம்?"

"சிறுத்தைக்குப் போயிருக்கும். இந்த வெள்ளைப் பாறையில கறுப்பு பளிச்சுனு தெரியும்."

"அதுங்களைக் கூட்டத்தோடயே விட்டிருந்தா..."

"அதுங்களும் அதுங்க பெத்ததுங்களும் இன்னிக்குக் குளத்துல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்."

கொளஞ்சி பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒவ்வொரு குட்டியையும் உங்க கண்ணு முன்னாடிதானே தூக்கிட்டு வந்தேன்? ஒம்பது வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே! வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன வந்துச்சு உங்களுக்கு?"

குரு தலை நிமிரவில்லை.

"எனக்கும் பொன் நிறம்தான் பிடிச்சிருந்துச்சு," என்றார்.