வெள்ளி நூலும் மூன்று சகலைகளும்

சென்னிமலைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே சென்னியப்பன், அர்த்தநாரி, தங்கமுத்து என்று மூன்று சகலைகள் சேர்ந்து துண்டுத் தறி ஓட்டினார்கள். அக்கா தங்கைகள் மூவரைக் கட்டியவர்கள். சண்டை சச்சரவு கிடையாது. ஒருவருக்குத் தோன்றும் யோசனை மற்ற இருவருக்கும் உடனே பிடித்துவிடும் என்பதுதான் அவர்களிடம் இருந்த கோளாறு.

மாமனார் காளியண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இதயத்துடிப்பை வரைகிற மெஷின் கோடு போடாமல் கோலம் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட். அதன் மோட்டார் ஓடினால் போதும், கோடு தாறுமாறாகக் குதித்தது.

"துடிக்கறது உங்க மாமனாரா, லிப்டான்னு எனக்கே தெரியலை" என்றார் டாக்டர்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் ரெஜினா, வெள்ளி பூசிய நூலில் நெய்த திரையைச் சுற்றிக் கட்டினால் சரியாகிவிடும் என்றாள். இவர்கள் தறிக்காரர்கள் என்று தெரிந்ததும் நூலையே கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

"இது மின்சாரத்தைக் கடத்தும் நூலுங்க. துணியா நெய்துட்டா வெளியில இருந்து வர்ற அலையை உள்ளே விடாது. வெறுங்கையோட தொட்டுடாதீங்க, கறுத்துடும். நெய்து முடிச்சதும் மண்ணோட சேர்க்கணும், மறந்துடாதீங்க. மாமனார் உயிர் உங்க கையிலதான் இருக்கு."

மூவரும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியின் ஓரத்திலிருந்து ஒரு ஒயரை மண்ணுக்குள் இறக்குங்கள் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். பாவம், அந்தப் பெண் ஊருக்குப் புதுசு.

அவள் போனதும் சென்னியப்பன் கதவைச் சாத்தினார்.

"தங்கத்தைக் கடத்தறான், மணலைக் கடத்தறான். இது கரண்டையே கடத்துதாமே, சகலை!"

"நம்ம தறிக் கொட்டாய்க்குள்ள வெச்சுக் கடத்துனா போலீசு நம்மளையல்ல புடிக்கும்?" என்றார் அர்த்தநாரி.

தங்கமுத்து நெடுநேரம் யோசித்தார். "சரக்கு இருந்தாத்தான கடத்தும்? மெயினை நிறுத்திப்போடுவோம்."

நிறுத்தினார்கள். கடத்தல் நின்றது. தறியும் நின்றது. அதனாலென்ன என்று ஒருவர் மாற்றி ஒருவர் தறிச் சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தார்கள்.

அடுத்தது வெறுங்கை. நல்லது கெட்டதுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? பழம் கொண்டுபோக வேண்டும். ஆகவே கைக்கு ஒரு வாழைப்பழமாகப் பிடித்துக்கொண்டு அறுந்த இழையை முடியப் பார்த்தார்கள். பழம் நசுங்கியது. இழை முடியவில்லை.

"எங்க வீட்டுல வளையலைக் கழட்டுனா, 'வெறுங்கையா நிக்காதடி'ன்னு அவங்கம்மா வையுவாங்க" என்றார் அர்த்தநாரி.

மற்ற இருவரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். மீசை வைத்த மூன்று பேரும் பெண்டாட்டிகளின் கண்ணாடி வளையல்களை விளக்கெண்ணெய் தடவி மாட்டிக்கொண்டு நெய்தார்கள். மின்சாரம் இல்லாத கொட்டாயில் வளையல் சத்தம் மட்டும் கலகலவென்று கேட்டது. எட்டிப்பார்த்த மூன்று பெண்டாட்டிகளும் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குப் பழக்கம்தான்.

துணி முடிந்தது. அங்கங்கே கறுத்திருந்தாலும் பளபளவென்று இருந்தது.

"அலையை உள்ளே விடாதுன்னுச்சே, சரி பார்க்க வேண்டாமா?" என்றார் சென்னியப்பன்.

"கடல் இங்க வராதே, சகலை."

"அந்த அலை இல்லை. ரேடியோவுல அலைவரிசைன்னு சொல்றானே, அது."

பேட்டரி ரேடியோவைப் பேசவிட்டுத் துணியில் வைத்துச் சுற்றினார்கள். "தமிழகத்தில் அடுத்த இரண்டு நாட்களுக்கு இடியுடன் கூடிய..." என்று சொல்லிக்கொண்டிருந்த ரேடியோ அத்தோடு வாயை மூடிக்கொண்டது. மூவரும் காது வைத்துப் பார்த்தார்கள். பேச்சு மூச்சு இல்லை.

"போயிருச்சு" என்றார் சென்னியப்பன்.

"பிரிச்சுப் பார்க்கலாமா?"

"மூஞ்சியை மூடுனதுக்கப்புறம் திறக்கக் கூடாது."

தங்கமுத்துவின் கண் கலங்கியது. "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணு மண்ணோட சேர்க்கச் சொல்லியிருக்குது!"

முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, துணியோடு ரேடியோவை மண்ணோடு சேர்த்து, மாலை போட்டார்கள். மறுநாள் பால் தெளித்துக்கொண்டிருக்கும்போது ரெஜினா வந்து நின்றாள்.

"துணி ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. மண்ணோட சேர்த்தாச்சுங்க."

"அட, அதையும் முடிச்சுட்டீங்களா! எங்கே, காட்டுங்க."

மூவரும் மேட்டைக் கைகாட்டினார்கள். ரெஜினா மாலையைப் பார்த்தாள், பால் சொம்பைப் பார்த்தாள், அவர்கள் கை வளையல்களைப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள்.

துணியைப் பிரித்த மறுநிமிடம் ரேடியோ ஒரு கல்யாணப் பாட்டைப் பாடியது. மூன்று சகலைகளும் ரெஜினாவின் காலில் விழுந்தார்கள்.

திரையைத் தட்டி உதறிக் கொண்டுபோய்க் கட்டினார்கள். காளியண்ணன் உள்ளே படுத்தார். லிப்ட் போனது, வந்தது. காகிதத்தில் கோடு அதுபாட்டுக்கு ஒழுங்காக ஓடியது.

"இதயத்துக்கு ஒண்ணுமில்லை, வெறும் வாயுதான்" என்று டாக்டர் சிரித்தார். "இதயத்துலயும் கரண்ட்தாங்க ஓடுது. அதைத்தான் இந்த மெஷின் வரையுது. வெளிக் கரண்ட் கலந்ததால குழம்பிப்போச்சு."

சகலைகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு வரும்வரை மாமனாரை யாரும் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் மூவரும் மின்சார ஆபீசில் நின்றார்கள்.

"சார், எங்க மாமனாருக்குள்ள அறுபத்தஞ்சு வருசமா கரண்ட் ஓடுதுங்க. மீட்டரே இல்லைங்க. எங்களுக்கே நேத்துத்தான் தெரியும்" என்று சென்னியப்பன் கைகூப்பினார்.

எதையோ தேடிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வீடா, கடையா, விவசாயமா?"

"விவசாயமுங்க. காடு தோட்டமெல்லாம் இருக்குதுங்க."

"விவசாயத்துக்கு இலவசம். போங்க, போங்க."

மூவரும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்கள். காளியண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பேசிட்டு வந்துட்டோம்" என்றார் சென்னியப்பன், மூச்சு வாங்க. "நீங்க பயமில்லாம துடிங்க."