ஜெகவீரனின் முதுகு

துப்பறியும் ஜெகவீரனைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்துச் சென்னையில் குறைவு. ‘சந்திரப்பிரபை’ வார இதழின் நடுப்பக்கத்தில், எட்டுக் கட்டங்களுக்குள், வாரம் தவறாமல் யாரையாவது பிடித்துக்கொண்டிருந்தார். அவரை வரைவது யார் என்பதுதான் ஊருக்குத் தெரியாது. படத்தின் கீழே பெயர் இருக்காது.

வரைந்தவர் தேவசகாயம். நாசரேத்துக்காரர், நாற்பதைத் தொடாதவர். அவரிடம் தொழில் படிக்க வந்த ஏகாம்பரத்துக்கோ ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. குருவைவிடச் சீடர் மூத்தவர் என்பதில் இருவருக்குமே கூச்சம். ஆகவே குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்றார். சீடர் குருவை ‘வாத்தியாரே’ என்றார். இப்படியே சமாளித்துக்கொண்டார்கள்.

ஏகாம்பரம் அதற்கு முன் மராமத்து இலாகாவில் ட்ரேசர். இன்ஜினீயர்கள் போட்ட அணைக்கட்டு வரைபடங்களின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோட்டின் மேல் கோடு இழுக்கும் வேலை. வரைபடத்தின் மூலையில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கும். இவருக்கு இரண்டே எழுத்து, அதுவும் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். அணை கட்டி முடிந்ததும் வேலை போய்விட்டது. அணையில் தண்ணீர் நின்றது, இவர் தெருவில் நின்றார்.

பிராட்வே அலுவலகத்தின் மாடியில் அவருக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். ஏனென்றால் ஜெகவீரன் உண்மையில் லண்டன்காரர். அங்கிருந்து கப்பலில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவருக்கு வேறு பெயர், வேறு சட்டை. கண்ணாடிப் பலகைக்கு அடியில் பல்பை எரியவிட்டு, மேலே அந்தப் பக்கத்தை வைத்து, அதன் மேல் தாளை வைத்து நகல் எடுப்பார்கள். தொப்பி போய் சுருட்டை முடி வரும். கோட்டு போய் ஜிப்பா வரும். பனி பெய்தால் மணல் பறக்கும்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. லண்டன்காரர் முதுகைக் காட்டினால் தொப்பியும் கோட்டும்தான் தெரியும். அதிலிருந்து எடுக்க ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட கட்டம் வந்தால் தேவசகாயம் அதைக் கறுப்பாக அடித்து, வெள்ளை எழுத்தில் ‘அதோ போகிறார் ஜெகவீரன்!’ என்று எழுதிவிடுவார். வாசகர்களுக்கு அந்த வரி பிடித்துப்போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியார் வகுப்பை விட்டுப் போகும்போதெல்லாம் அதைச் சொன்னார்கள்.

ஏகாம்பரம் வந்த புதிதில் ஒரு தாளைத் திருப்பி வைத்து எடுத்துவிட்டார். ஜெகவீரன் அந்த வாரம் இடது கையால் இட்லி சாப்பிட்டார். கொள்ளைக்காரன் குழந்தையைக் கிணற்றில் போட்டபோது சும்மா இருந்த வாசகர்கள் இதற்குக் கொதித்தெழுந்தார்கள்.

தேவசகாயம் திட்டவில்லை. “அண்ணாச்சி, அவருக்கு வலது கையில காயம்னு அடுத்த வாரம் கட்டுப் போட்டுருவோம்” என்றார்.

இப்படிப்பட்டவரிடம் ஏகாம்பரத்துக்குப் பக்தியே வந்துவிட்டது. ஒருநாள் கேட்டார்.

“வாத்தியாரே, நீங்க ஏன் படத்துக்குக் கீழ பேர் போடறதில்ல?”

“சன்னலைச் சாத்துங்க அண்ணாச்சி. தாள் பறக்குது.”

சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். தேவசகாயம் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார்.

பத்திரிகையின் ஆண்டு விழாவில் எடிட்டர் நமசிவாயம் மேடையேறி, “பெயரும் புகழும் வேண்டாத ஒரு துறவி நம் மாடியில் இருக்கிறார்” என்றார். கைதட்டல் ஓயவில்லை. தேவசகாயம் தலை நிமிரவில்லை. கழுத்து மாலையில் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. கூடவே வெட்கமும் வந்தது, ஏனென்றால் தனக்குப் பெயர் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெகுவாக வேண்டும்.

போன மாதம்தான் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்து, இதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, “மாமா, இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனான். கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உண்மையாகவே தேடினான்.

அந்த வருஷக் கடைசியில் சூயஸ் கால்வாய் மூடிக்கொண்டது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. லண்டன் பத்திரிகை வரவில்லை. கையிருப்புப் பக்கங்களும் தீர்ந்தன. ஜெகவீரன் ஒரு பாழடைந்த பங்களாவில், பூட்டை உடைத்து, கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்பது நடுக்கடலில் இருந்தது.

எடிட்டர் மாடிக்கு வந்தார்.

“தேவசகாயம், இந்த வாரம் நீங்களே சொந்தமா போட்டுடுங்க. வியாழக்கிழமை தகட்டுல பிளாக் எடுக்கப் போகணும். முடியலைன்னா சொல்லுங்க, அந்தப் பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டி வச்சுடறேன்.”

தேவசகாயம் பேனாவின் முனையைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“அண்ணாச்சி போடட்டும்” என்றார்.

எடிட்டர் ஏகாம்பரத்தை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். “இவரா? சரி. நல்லா வந்தா இவர் பேரையே போட்டுக்கலாம். எனக்கென்ன.”

அவர் இறங்கிப் போனதும் ஏகாம்பரம் எழுந்து நின்று தேவசகாயத்தைக் கும்பிட்டார். தன் இலையில் விழுந்ததை அப்படியே எடுத்துப் பக்கத்து இலையில் வைக்கிற மனிதர் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்? வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாளே பக்கத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். பழைய இதழ்களிலிருந்து கோபமுகம், யோசனைமுகம், சிரித்தமுகம் என்று எடுத்துக் கட்டம் கட்டமாக வைத்திருந்தார். கோடு சுத்தம். மராமத்து இலாகாக் கை அல்லவா.

தேவசகாயம் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

“கதவு எங்க அண்ணாச்சி?”

“அவருக்குப் பின்னால இருக்குது வாத்தியாரே.”

“அவரு எங்க போறாரு?”

“கதவுக்குள்ள.”

“முகத்த நம்மகிட்ட காட்டிக்கிட்டேவா? சம்பந்தி வீட்டை விட்டுக் கிளம்புத மாதிரி?”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. பழைய இதழ்கள் அத்தனையிலும் ஜெகவீரனுக்கு முகம் இருந்தது. முதுகு ஒன்றில்கூட இல்லை.

“கறுப்பு அடிச்சு, ‘அதோ போகிறார்’னு எழுதிடவா?”

“பங்களாவுக்குள்ள ஒத்த ஆளாப் போறாரு. ‘அதோ போகிறார்’னு யாரு சொல்லுவா?”

“அப்ப என்ன செய்யட்டும்?”

“அவரைத் திரும்பச் சொல்லுங்க.”

ஏகாம்பரம் திரும்பச் சொன்னார். ஜெகவீரன் திரும்பவில்லை. தலையைத் திருப்பினால் உடம்பு வரவில்லை. உடம்பைத் திருப்பினால் கால்கள் நம்மைப் பார்த்தன. அடியில் பல்பு இருந்தது, எடுக்கத்தான் ஒன்றும் இல்லை. கோட்டின் மேல் கோடு இழுத்தே பழகிய கை வெள்ளைத் தாளில் குளத்தில் தவறி விழுந்ததுபோலத் தவித்தது.

பிராட்வே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார். எத்தனை முதுகு! இத்தனை வருஷமாக ஊர் முழுக்க முதுகு இருந்தும் ஒன்றையும் பார்த்ததில்லை. கையில் கனமான பையோடு ஒருவர் இறங்கி நடந்தார். ஏகாம்பரம் அவர் பின்னாலேயே போனார். அவர் நின்றால் நின்றார். சந்து திரும்பியதும் அந்த மனிதர் குடையை ஓங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

“இன்னாய்யா, அப்போ புட்ச்சு பின்னாலயே வர்றே? யாரு நீ?”

“தப்பா நினைக்காதீங்க. உங்க முதுகைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“முதுகுல இன்னா கீது?”

“அதான் தெரியல.”

குடை இறங்கியது. அவர் ஏகாம்பரத்தை ஏற இறங்கப் பார்த்தார். புத்தி சரியில்லாதவர் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். “சரி, பாத்துக்கோ” என்று முன்னால் நடந்தார். பாவம், அதற்குப் பிறகு இயல்பாக நடக்க அவருக்கே வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் பக்கம் முடிந்தது. ஏழு கட்டங்கள் பழைய ஜெகவீரன். மூன்றாவது கட்டத்தில் மட்டும் ஒருவர் இருட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். ஜிப்பா வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. ஒரு குதிகால் செருப்பை விட்டு வெளியே வந்திருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது என்று முகம் இல்லாமலே தெரிந்தது. கடைசிக் கட்டத்தில், சிரிக்கும் ஜெகவீரனின் காலடியில், ‘ஏகாம்பரம்’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

எடிட்டர் பார்த்தார். “பலே!” என்றார். பிறகு மூன்றாவது கட்டத்துக்கு வந்தார்.

“இது யாரு?”

“ஜெகவீரன்.”

“ஜெகவீரன் மளிகைக் கடைக்குப் போற மாதிரி இருக்கே. மத்ததெல்லாம் அவ்வளவு அழகா வந்திருக்கு, நடுவுல இது ஒண்ணு திருஷ்டிப் பொட்டு மாதிரி. கறுப்பு அடிச்சு அந்த வரியை எழுதிடுங்க. பேர் போட்டாச்சு இல்ல? அது இருக்கட்டும்.”

எடிட்டர் கீழே போனதும் ஏகாம்பரம் கறுப்பு மசியை எடுத்தார். கை தயங்கியது. ஆனால் நிற்கவில்லை.

“வாத்தியாரே, அடிச்சிடவா?”

தேவசகாயம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“கடைசிக் கட்டத்துல இருக்கது யாரு போட்டது?”

“நான்தான். போன தீபாவளி இதழ்ல இருந்து எடுத்தேன்.”

“தீபாவளி இதழ்ல யாரு போட்டது?”

“நீங்க.”

“நான் எங்கேருந்து எடுத்தேன்?”

ஏகாம்பரத்தின் பார்வை கண்ணாடிப் பலகைக்குப் போனது. தேவசகாயம் வெள்ளை மையைத் தொட்டு, அந்தப் பெயரின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். முத்து முத்தான எழுத்துகள் மறைந்துவிட்டன.

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனிதரைப் போய்ச் சாமி என்று நினைத்தோமே என்று ஆத்திரமாக வந்தது.

“நீங்க பேர் வேணாம்னு இருக்கலாம். நீங்க பெரிய மனுஷன். நான் அப்படி இல்ல. எனக்கு வேணும். எங்க வீட்டுல எல்லாரும் ஞாயித்துக்கிழமைக்காகக் காத்திட்டிருக்காங்க.”

“போடுங்க” என்றார் தேவசகாயம். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். “இங்க போடுங்க.”

“எடிட்டர் அதைத்தானே எடுக்கச் சொல்றாரு! அது போனா பேரும் போயிடுமே.”

“ஆமா. போயிரும்.”

கீழே பிளாக் கடை ஆள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் அந்த முதுகைப் பார்த்தார். அசிங்கமாகத்தான் இருந்தது. தோள் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கலாம். அந்தக் குதிகாலை மட்டும் எவ்வளவு பார்த்தும் அவரால் குறை சொல்ல முடியவில்லை. பேனாவை எடுத்தார். இறங்கிய தோளுக்குக் கீழே, சுவரோரமாக, தன் பெயரை எழுதினார். இந்தமுறை எழுத்து முத்து முத்தாக வரவில்லை.

பக்கத்தைத் தானே கீழே எடுத்துக்கொண்டு போனார். எடிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இன்னும் அடிக்கலையா?”

“இல்ல சார். இருந்தா இது இருக்கட்டும். இல்லன்னா குறுக்கெழுத்து போட்டுக்கங்க.”

இப்படிப் பேசியது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மணி மறுபடி அடித்தது. எடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சைக்கிள்காரனைப் பார்த்தார்.

“கொண்டு போ” என்றார் அவனிடம். பிறகு ஏகாம்பரத்திடம், “கடிதாசி வந்தா நீரே பதில் எழுதும்.”

ஏகாம்பரமும் சைக்கிள்காரனோடு பிளாக் கடைக்குப் போனார். தன் பெயரைத் தகட்டில் ஏற்றி ஆசிட்டில் அரித்து எடுக்கும்வரை அங்கேயே நின்றார். தகட்டில் அது இடம் வலம் மாறித்தான் இருந்தது, ஆனாலும் படித்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் கோபப்பட்டதை நினைக்க நினைக்கக் கூசியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மாடிப்படிகளை வேகமாக ஏறினார்.

தேவசகாயம் கண்ணாடிப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அடியில் பல்பு எரியவில்லை. மேலே ஒரு வெள்ளைத் தாள். அவர் காலைச் சுற்றிலும் கசக்கிய தாள்கள் கிடந்தன. பிரிந்து கிடந்த ஒன்றில் பாதியில் நின்ற ஒரு முதுகு தெரிந்தது.

“வாத்தியாரே, காலையில ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. ஆறு வருஷமா உங்க பேரும் வேணாம்னு இருந்தீங்க. சொந்தமா போடறதுக்கு வந்த ஒரே பக்கத்தையும் எனக்கு விட்டுக் கொடுத்தீங்க. எப்படி வாத்தியாரே உங்களால முடியுது?”

தேவசகாயம் எழுந்தார். நாற்காலியை ஏகாம்பரத்தின் பக்கம் தள்ளி, பென்சிலை நீட்டினார்.

“உக்காருங்க அண்ணாச்சி. தோளை முதல்ல போட்டீங்களா, இடுப்பையா?”